அழுகல் கணக்கு

மாம்பலத்தில் ஓர் இனிப்புக் கடையின் மாடியில், கீழிருந்து நெய்வாசனை ஏறிக்கொண்டேயிருக்கும் ஒரு சிறிய கூடத்தில், காலை 9.15-க்குச் சந்தை திறப்பதற்கு அரைமணி முன்னதாகவே வந்து, மின்விசிறிக்கு நேர் கீழேயுள்ள நாற்காலியை ஆக்கிரமித்துக்கொண்டு, பிற்பகல் 3.30-க்கு அது மூடுகிற வரையில் எழுந்திராத ஒரு பெரியவரை நான் நாள்தோறும் பார்த்து வருகிறேன். பங்குத் தரகர் ஒருவரின் கிளை அலுவலகம் அது. எல்லோரும் கைப்பேசியிலேயே வாங்கி விற்கிற இந்தக் காலத்தில் இப்படியொரு கூடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டப்படுவதற்கும் மனிதனுக்குத் துணை வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த சமாதானம்.

மேனேஜர் சார் என்று எல்லோராலும் மரியாதையோடு அழைக்கப்படும் அந்தப் பெரியவரிடம், வியாபாரத்தில் வெற்றி பெறுவதற்கு வேண்டிய லக்ஷணங்கள் என்று புஸ்தகங்கள் சொல்லுகிற யாவும், ஒன்று குறையாமல், குடிகொண்டிருக்கின்றன. கணிதத்தில் எம்.எஸ்ஸி.; வங்கியில் 34 வருஷ உத்தியோகம்; ஒரு கம்பெனியின் ஐந்தொகையை நீட்டினால் ஐந்து நிமிஷத்தில் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடக்கூடிய ஞானம்; விலைகளின் ஏற்ற இறக்கத்தைச் சிவப்பு, பச்சை மைகளால் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்க்கும் சிரத்தை. இவ்வளவும் இருந்தும் லாபம் மாத்திரம் இல்லை. அதை அவர் ஒரு குறையாகவும் கருதுவதில்லை.

குறையாகக் கருதாததற்குச் சரித்திர ஆதாரம் வைத்திருக்கிறார். லண்டனில் நாணயசாலைத் தலைவராக இருந்த ஐசக் நியூட்டன், தென்கடல் கம்பெனியின் பங்குகளை முதலில் விற்று நல்ல லாபம் பார்த்துவிட்டு, விலை மேலும் ஏறுவதைக் கண்டு பொறுக்கமாட்டாமல் மறுபடி வாங்கி, 1720-இல் அந்த விலைக் குமிழி உடைந்தபோது பெருந்தொகையை இழந்தார் அல்லவா? ஆகவே நஷ்டம் என்பது மேதைகளுக்கு ஏற்படுவது என்பது அவருடைய சித்தாந்தம். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியமான செபி வெளியிட்ட ஆய்வில், முந்தைய 3 நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள் என்று கண்டிருந்ததை அவரே எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மீதி 7 பேர் யாராயிருக்கும்? படிச்சவாளாத்தான் இருக்கணும்" என்றார்.

அவருடைய வியாபார முறை மிகவும் எளியது. காலையில் வாங்கிய பங்கு மாலைக்குள் ஏறினால் அது வர்த்தகம். இறங்கினால் அது முதலீடு. இரண்டு ரூபாய் ஏறியதும், கையில் வந்த லாபம் ஓடிவிடுமோ என்ற பதற்றத்தில் விற்றுவிடுவார். இருபது ரூபாய் இறங்கினாலோ, "நல்ல கம்பெனி, மலிவாக் கிடைக்கிறது" என்று இன்னும் நூறு வாங்கி ஆவரேஜ் செய்வார். இந்த விதமாக மூன்று நாள் வைத்திருப்பதாக வாங்கிய பங்குகள் சில, மூத்த பேரன் பெயரிலும் இளைய பேரன் பெயரிலும் மானசீகமாக எழுதிவைக்கப்பட்டு, அந்தக் குழந்தைகளின் மேற்படிப்புக்காக இன்றும் காத்துக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தச் சீட்டுகள் வந்து சேர்வதற்கென்று, வீட்டிலுள்ள அம்மாளுக்குத் தெரியாத தனி மின்னஞ்சல் முகவரியும் அவருக்கு உண்டு.

அந்தக் கூடத்திற்கு, நினைத்தபோது வந்து, நின்றபடியே வியாபாரத்தை முடித்துக்கொண்டு போகிற இன்னொருவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது வயதில் கொத்தவால் சாவடிக்கு வந்து, தக்காளி மண்டியில் கூடை சுமந்து, 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தபோது தாமும் பெயர்ந்து, இப்போது சொந்தமாக மண்டி வைத்திருப்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முற்றிற்று. கம்பெனியின் பெயரைக்கூட அவர் முழுதாய்ச் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்த டயர்க்காரன்", "அந்த மருந்துக்காரன்" என்பார்.

ஒரு நாள், அந்த மருந்துக்காரனைக் காலையில் வாங்கியிருந்தார். பதினொரு மணிக்குள் 1,400 ரூபாய் போய்விட்டது. கணிப்பொறியின் முன் இருந்த பையனிடம், "தம்பி, தள்ளிவிட்ரு" என்றார். அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து நீளமான, எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிட்டைப் புத்தகத்தை எடுத்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒரு பத்தியில் 1,400 என்று எழுதினார். எட்டிப் பார்த்தேன். அந்தப் பத்தியின் தலைப்பு: அழுகல்.

"அவசரப்பட்டுட்டீரே அண்ணாச்சி! நாளைக்கே ஏறிட்டா?" என்று மேனேஜர் சார் பதறினார்.

"ஏறினா ஏறட்டும் சார். அழுகுன பழத்த ராத்திரி பூரா கட்டிப்பிடிச்சிட்டுப் படுத்தா காலைல காயாவா மாறும்? நாளைக்கு வேற லோடு வரும்லா."

மறுநாள் அந்தப் பங்கு உண்மையிலேயே ஏறித்தான் விட்டது. மேனேஜர் சார் ஒரு வாரம் தலைநிமிர்ந்து நடந்தார். அண்ணாச்சிக்கோ அப்படி ஒரு பங்கை வாங்கினதே ஞாபகமில்லை.

1983-இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற பெரும் வியாபாரி, வியாபாரி பிறக்கிறானா, பழக்கப்படுகிறானா என்று வில்லியம் எக்கார்ட் என்ற நண்பரோடு தர்க்கித்து, அதைத் தீர்த்துக்கொள்ளப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். சீட்டாட்டக்காரர், கணக்கர், கற்பனை விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று கலவையான அந்தக் கூட்டத்திற்கு இரண்டே வாரம் பாடம் சொல்லி, தம் பணத்தையே கொடுத்து வியாபாரம் செய்யவிட்டார். அவர்களில் பலர் திரளாகச் சம்பாதித்தார்கள். சிங்கப்பூரில் ஆமைப் பண்ணை ஒன்றைப் பார்த்திருந்த ஞாபகத்தில், அவர்களுக்கு ஆமைகள் என்று பெயரும் வைத்தார். அவர் கற்பித்த விதிகளில் முக்கியமான ஒன்று, நஷ்டத்தைச் சிறிதாக இருக்கும்போதே வெட்டிவிடுவது. இந்தக் கதையை எங்களுக்கு விஸ்தாரமாகச் சொன்னவரும் மேனேஜர் சார்தான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இறங்கிக்கொண்டிருந்த ஒரு சிமெண்டுப் பங்கில் இன்னும் ஐம்பது வாங்கினார்.

இவர்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வங்கியில் கடன் வசூலாகாவிட்டால் வாயிதா கொடுக்கலாம், நோட்டீஸ் அனுப்பலாம், மேலிடத்துக்கு எழுதலாம். எப்படியும் கோப்பு மூடாது. தக்காளிக்கு மேலிடம் இல்லை. விடியற்காலை விலை வெயில் ஏறினால் நிற்காது என்பதை நாற்பது வருஷம் மூக்காலேயே அறிந்தவருக்கு, "நான் வாங்கினது தப்பு" என்று ஒப்புக்கொள்வதில் மானம் போவதில்லை. அண்ணாச்சி அழுகல் பத்தியை ராத்திரி தம் சம்சாரத்திடமே படித்துக் காட்டுகிறாராம்.

நேற்று அண்ணாச்சி வரவில்லை. தக்காளி வரத்து அதிகமாம். மண்டியை விட்டு நகர முடியவில்லையாம். மேனேஜர் சார் வழக்கம்போல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எனக்கும் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அவர் சொல்லி நான் வாங்கிய அதே சிமெண்டுப் பங்கு என்னிடமும் இருநூறு இருக்கிறது.