சர்வர் பராமரிப்பு அதிகாரிக்கு உத்திரமேரூரிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவன்.
பெறுநர்: பெயர் சொல்ல விரும்பாத ஒரு துறையின் சர்வர் பராமரிப்பு அதிகாரி.
பொருள்: தங்கள் இணையதளம் விழுந்து விழுந்து எழுவது தொடர்பாக.
பார்வை: வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், கி.பி. 919 மற்றும் 921.

ஐயா,

சான்றிதழ் கேட்டு வருகிறவர்களிடம் "சர்வர் டவுன், சாயங்காலம் வாங்கம்மா" என்று சொல்வதே என் தொழிலாகிவிட்டது. உதவி எண்ணில் கேட்டால், "ரீஸ்டார்ட் பண்ணிட்டோம் சார், இப்போ பாருங்க" என்கிறார்கள். பார்க்கிறேன். முதல் பக்கம் திறக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பினால் வெள்ளைத் திரை.

இல்லாத பக்கத்தைக் கேட்டால் மட்டும் தங்கள் சர்வருக்கு எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. 404 என்று உடனே சொல்லி, அடியில் தன் ஜாதகத்தையும் எழுதிவிடுகிறது: அப்பாச்சி இன்ன பதிப்பு, பிஎச்பி இன்ன பதிப்பு, மாட்-பெர்ல் இன்ன பதிப்பு. இப்படி ஊரறிய எழுதிவைப்பது திருடனுக்கு வாசலைக் காட்டுவது. அதற்குத் தனி மனு போடுகிறேன்.

படித்ததும் சந்தேகம் தட்டியது. பெர்லும் பிஎச்பியும் ஒரே புராசஸுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மைஎஸ்கியூஎல்லோடு பேச இரண்டுக்கும் ஒரு லைப்ரரி வேண்டும். ஒன்று பழைய பதிப்பைக் கூட்டி வருகிறது, மற்றது புதியதை. உள்ளேயிருக்கும் ஃபங்ஷன்களின் பெயரோ இரண்டிலும் ஒன்றே. முதலில் வந்தது பெயரைப் பிடித்துக்கொள்ள, பின்னால் வந்த மாட்யூல் தன் ஆள்தான் என்று நம்பி அதை அழைக்க, மெமரியில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டு, செக்மென்டேஷன் ஃபால்ட், சிக்னல் 11. அந்தச் சைல்டு புராசஸ் செத்துவிடும். தாய் புராசஸ் உடனே இன்னொன்றைப் பெற்றுவிடும். ஆக, தாங்கள் ரீஸ்டார்ட் செய்தாலும் செய்யாவிட்டாலும் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. செத்தது என் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் விண்ணப்பம்.

இது புது நோயல்ல. அப்பாச்சி 1.3 காலத்தில், அதனோடு வந்த எக்ஸ்பாட் லைப்ரரியும் பெர்லின் எக்ஸ்எம்எல் பார்சர் தன் பங்குக்குக் கொண்டுவந்த எக்ஸ்பாட்டும் இதே மாதிரி மோதிக்கொண்டன. மாட்யூலைத் தனித்தனியாகச் சோதித்தால் இரண்டுமே யோக்கியர்கள். வம்பெல்லாம் கூட வரும் உறவுக்காரர்களால்.

எங்கள் ஊர்ச் சபை இந்த விஷயத்தில் கறார். சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைத் தாங்களே வந்து பாருங்கள். சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன், குடத்தில் பெயர் ஓலை போட்டு ஆளெடுக்கும் குடவோலைக்குத் தகுதியில்லை. அதோடு விடவில்லை. அவன் சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமன், சித்தப்பன், தகப்பன், மகன் என்று இழுத்துக்கொண்டே போகிறது பட்டியல். தங்கள் சர்வரில் எல்டிடி என்றொரு கட்டளை இருக்கிறது. எந்த ஃபைலுக்கு எந்த லைப்ரரி சொந்தம் என்று அதே வேலையைச் செய்து காட்டும், சுவர்கூட வேண்டாம்.

இன்னொன்று. 919இல் உறுப்பினருக்கு வயது 30 முதல் 60 வரை என்று வைத்தார்கள். இரண்டே வருடத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். பழைய பதிப்பை அழிக்கவில்லை, இரண்டும் கல்லில் இருக்கின்றன. (அந்தச் சபையைத் தலைமேல் தூக்கி வைப்பதாக எண்ண வேண்டாம். கால் வேலி நிலமும் வேதமும் கேட்ட சபை. என் பெயரில் ஓலையே எழுதியிருக்க மாட்டார்கள்.) தங்களிடமோ, போன மாதம் எதை ஏற்றினோம் என்று கேட்டால், "அதை வெண்டர்தான் சொல்லணும்" என்கிறார்கள். வெண்டரைக் கேட்டால் அவர் முந்தைய வெண்டரைக் கைகாட்டுகிறார்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது. எரர் லாகைத் திறந்து பாருங்கள். சிக்னல் 11 வரிசையாக நிற்கும். கோர் டம்ப் எடுத்து, ஜிடிபி டீபகரில் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று பாருங்கள். அது கஷ்டமென்றால் லோட்மாட்யூல் வரிகளில் பாதியை நிறுத்தி ஓட்டுங்கள். விழுந்தால் மிச்சத்தில் பாதி. பிஎச்பியையும் பெர்லையும் ஒரே லைப்ரரியோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள், அல்லது பிஎச்பியை எஃப்பிஎம் வழியாகத் தனிக்குடித்தனம் வையுங்கள். எதை எந்தப் பதிப்பில் யார் சொல்லி ஏற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். கல்லில் வேண்டாம், ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும்.

இந்த மனுவைத் தங்கள் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில்தான் ஏற்றப் பார்த்தேன். 'சமர்ப்பி' பொத்தான் வரைக்கும் போனது. ஆகவே தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்.