கேளுங்கள்: கமராவும் கடற்கரையும்

கேள்வி: இரண்டு நாள் லீவில் யாழ்ப்பாணம் போகிறோம். கடற்கரைப் பக்கம் நல்ல படம் எடுக்க எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், புளத்கொகுபிட்டிய

பதில்: ஒரு நாளை நெடுந்தீவுக்கே கொடுத்துவிடுங்கள். குறிகட்டுவானில் காலைப் படகு. ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். மேயும் குதிரைகள், பெருக்கமரம், பவளக்கல் மதில்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய மதில் அது. கிட்டப் போனால் பவளத்தின் வரிகள் தெரியும், அதை எடுங்கள். நண்பகலில் கமராவுக்கு ஓய்வு. உங்கள் பக்கம் மழை மறைக்கும், அங்கே வெயில் வெளுத்துவிடும். மறுநாள் விடியலில் மணற்காடு. மணலில் புதைந்த பழைய தேவாலயம் இருக்கிறது. வலை இழுப்பவர்களை "அண்ணை, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டே எடுங்கள், முகம் மலரும். நெடுந்தீவில் இறங்கியதுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கென்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், அந்தக் குதிரைகள் கடலில் ஓடா!