செத்தவருக்கு ஒரு மாகாணம்

ஸ்டாலின் 1953 மார்ச் 5ஆம் தேதி இரவு மாஸ்கோவில் கண்ணை மூடினார். 9ஆம் தேதிதான் அடக்கம். அதற்குள், 7ஆம் தேதியே, போலந்தின் அரசு மன்றம் ஆணை போட்டுவிட்டது: கடோவிட்சே நகரம் இனி ஸ்டாலினோகுருட், மாகாணமும் அதே பெயரில். பிணம் கிடக்கும்போதே பட்டாவைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளும் பங்காளியைப் பார்த்திருக்கிறோம். தன் வீட்டுப் பட்டாவைச் செத்தவர் பேருக்கு மாற்றிக் கொடுத்த பங்காளிகளை அன்றைக்குத்தான் உலகம் பார்த்தது.

முதலில் குறிவைத்தது பக்கத்து செஸ்டொகோவாவை என்றும் ஒரு கதை உலவியது. மெய்யோ பொய்யோ, அங்கே போலந்தே மண்டியிடும் கறுப்பு மாதா இருக்கிறாள். 'ஸ்டாலினோகுருட் மாதாவே' என்று ஜெபமாலை உருட்ட வேண்டியிருக்கும் அல்லவா? ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கே கூசியிருக்கும்.

கடோவிட்சேயில் கூசவில்லை. அங்கே கேட்பதற்கு யார் இருந்தார்கள்? 1920இல் போலந்து நாடாளுமன்றமே கடோவிட்சே இருக்கும் சைலீசியாவுக்குத் தன்னாட்சி எழுதிக் கொடுத்திருந்தது. தனிச் சட்டமன்றம், தனிக் கருவூலம். 1945 மே மாதம் ஒரே சட்டத்தில் அதைத் துடைத்தெறிந்தார்கள். அதே ஆண்டு, யாருடைய பெயரைப் பிறகு சூட்டினார்களோ அவருடைய படை, இந்த ஊர்களின் சுரங்கத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் ரயிலேற்றிச் சோவியத் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனது. பலர் திரும்பவே இல்லை. மிச்சமிருந்தவர்கள் வெட்டிய கரியும் அதே திசைக்குத்தான் போனது, சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்கு. ஆளைக் கொண்டுபோனார்கள், கரியைக் கொண்டுபோனார்கள். ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவைத்தால் குறையாகத்தானே இருக்கும்!

ஏப்ரலில் நாடாளுமன்றம் ஆணைக்கு முத்திரை குத்தியது. அதற்காக மேடையேற்றப்பட்டவர் சைலீசிய எழுத்தாளர் குஸ்தாவ் மோர்ச்சினெக். சுரங்கத் தொழிலாளர்களின் வாழ்வை எழுதியவர். போர்க்காலம் முழுவதும் ஹிட்லரின் வதைமுகாம்களில் கிடந்தவர். அவரைத் திட்டுவது எளிது, ஊரும் திட்டியது. எனக்கோ அவரைத் தேடிப்பிடித்தவர்கள்மேல்தான் ஆத்திரம். கூலிக்குக் கைதட்ட ஆயிரம் பேர் இருக்க, ஊர் மதித்த வாயாகப் பார்த்து அல்லவா அழுக்காக்கினார்கள்!

எதிர்ப்பு வரவில்லையா? வந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் மூவர் துண்டறிக்கை தயாரித்தார்கள். ஒரு வல்லரசின் நண்பர்கள், படை, போலீஸ், உளவுத்துறை எல்லாம் கையில் வைத்திருந்தவர்கள், அந்தக் காகிதத்துக்கு நடுங்கிப்போய்ப் பிள்ளைகளைக் கைது செய்தார்கள்.

1956 பிப்ரவரியில் சோவியத் கட்சித் தலைவர் குருஷ்சேவே மாஸ்கோவில் ஸ்டாலினைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஸ்டாலினோகுருட் அசையவில்லை, விசுவாசத்தில் எஜமானனையே மிஞ்சியவர்கள் அல்லவா! டிசம்பரில்தான், போலந்தில் கோமுல்கா ஆட்சிக்கு வந்த பிறகு, கடோவிட்சே திரும்பியது. அதற்கு முந்தின மாதமே அவர் மாஸ்கோ போய், பழைய கரிக்கணக்கைக் காட்டிக் கடனைத் தள்ளுபடி செய்ய வைத்திருந்தார். பெயருக்கு அப்படி ஒரு நஷ்டஈடும் கிடையாது. இடையில் பிறந்த குழந்தைகளுக்கு, பிறப்புச் சான்றிதழில் மட்டும் இருக்கும் ஓர் ஊர் கிடைத்தது.

இன்னொன்று. 'குலாக்' என்று முத்திரை குத்தப்பட்ட பணக்கார விவசாயியின் மகன், மேற்கே உறவுக்காரன் உள்ளவன், கட்சிக்குப் பிடிக்காதவன் என்று பொறுக்கியெடுத்த பையன்களுக்குப் பட்டாளச் சேவை என்று சொல்லித் துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி கொடுத்து, 1949 முதல் இந்தச் சுரங்கங்களுக்குள் இறக்கிவந்தார்கள். ஊர்ப்பலகை 1956இல் மாறியது. அந்தப் பட்டாளங்களைக் கலைக்க 1959 ஆயிற்று.