வாய் பிறகுதான் வந்தது

கே: ஆதிக்குடல் என்பது என்ன? பள்ளியில் 'ஆர்க்கென்டிரான்' என்று மனப்பாடம் செய்ததோடு சரி.

ப: கொழுக்கட்டைக்குச் செப்பு செய்யும்போது மாவு உருண்டைக்குள் கட்டைவிரலை விட்டுக் குழிப்போம் அல்லவா? அந்தக் குழிதான். கடல் முள்ளெலியின் கருவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் அது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். ஏறக்குறைய ஆயிரம் செல்கள், உள்ளே வெற்றிடமாக ஒரு பந்து. அதன் ஒரு பக்கம் தட்டையாகி உள்வாங்குகிறது. அழுத்த விரல் எதுவும் இல்லை, செல்களே வளைகின்றன. அப்படி விழும் குழிதான் வருங்காலக் குடல்.

கே: குழி எப்படிக் குழாய் ஆகிறது?

ப: குழியின் நுனிச் செல்கள் மெல்லிய இழைகளை நீட்டி எதிர்ச்சுவரைத் தடவுகின்றன, பிடி கிடைத்ததும் இழுக்கின்றன. பக்கச்சுவரின் செல்களோ ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நுழைய, குழாய் ஒடுங்கி நீள்கிறது. லேசரால் அந்த இழைகளை அறுத்துப் பார்த்தார்கள். குடல் மூன்றில் இரண்டு பங்கு தூரம் போய் நின்றுவிட்டது.

கே: முதலில் விழுந்த துளைதானே வாய்?

ப: ஆசனவாய்! குடலின் நுனி எதிர்ச்சுவரைத் தொடும் இடத்தில்தான் பிறகு வாய் திறக்கிறது. இதை வைத்தே கார்ல் குரோபன் 1908இல் 'டியூட்டரோஸ்டோம்', அதாவது 'இரண்டாம் வாய்', என்று ஒரு கூட்டத்துக்குப் பெயரிட்டார். நட்சத்திர மீன், கடல் அட்டை, தவளை, நாம் எல்லோரும் அதில் அடக்கம். எறும்பைவிட நட்சத்திர மீன் நமக்கு நெருங்கிய சொந்தம்.

கே: கருவாக இருக்கும்போதே கடல் முள்ளெலி சாப்பிடுமா?

ப: வாயே திறக்கவில்லையே! அதுவரை முட்டையில் தாய் வைத்துவிட்ட சேமிப்புதான்.

கே: இந்தக் குழியை ஆராய்ந்து யாராவது நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்களா?

ப: ஹான்ஸ் ஸ்பீமன், 1935இல். நியூட் என்ற நீர்நிலவாழ் பிராணியின் கருவில், ஆதிக்குடல் உள்வாங்கத் தொடங்கும் துளையின் மேலுதட்டை வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். அந்த இடத்தில் இரண்டாவதாக ஒரு உடலே உருவெடுத்தது, அதுவும் பெரும்பாலும் ஒட்டு வாங்கிய கருவின் செல்களைக் கொண்டே. ஒரு துணுக்குத் திசு அக்கம்பக்கத்துச் செல்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறது என்பதற்கு அதுவே சான்று. மயிரிழை அளவில் வெட்டி ஒட்டிய கைகள் அவருடைய மாணவி ஹில்டே மான்கோல்டுடையவை. கட்டுரை வெளியான 1924ஆம் ஆண்டிலேயே, 25 வயதில், தீ விபத்தில் இறந்துபோனார். அந்தப் பரிசில் பாதி அவருடையது என்பது என் தீர்ப்பு.

கே: மனிதக் கருவிலும் இதே செப்புதானா?

ப: நமக்குப் பாய். மூன்றாவது வாரத்தில் கரு ஒரு தட்டு. நடுக்கோடு ஒன்றின் வழியாகச் செல்கள் உள்ளே இறங்குகின்றன. நான்காவது வாரத்தில் தட்டின் ஓரங்கள் மடிந்து சுருண்டு குழாயாகின்றன. நுரையீரல், கல்லீரல், கணையம் மூன்றும் இந்தக் குழாயிலிருந்து முளைப்பவை. ஆறாவது வாரத்தில் குடல் வயிற்றுக்குள் கொள்ளாமல் தொப்புள்கொடிக்குள் புகுந்துகொள்ளும். பத்தாவது வாரத்தில் வீடு திரும்பும்.

கே: உறவினர் வீட்டில் ஆசனவாய் இல்லாமல் குழந்தை பிறந்திருக்கிறது. கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார்களே?

ப: இல்லவே இல்லை. குடலின் பின்முனை உருவாகும் அந்தச் சில வாரங்களில் நேர்ந்த பிசகு அது. ஏறத்தாழ 5000 பிறப்புகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது. அறுவை சிகிச்சையில் வழி அமைக்க முடியும். குழந்தைக்குப் பால் கொடுத்துக் காத்திருக்காமல், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கு இன்றே கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்தத் தாயைக் குற்றம் சொல்வதை இந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள்.