ஜாதகம் பார்த்தாச்சா?

கேள்வி: 2014-ல் வாங்கிய என் லேப்டாப்பில் ‘சைபர்பங்க் 2077’ ஓடுமா?

பதில்: கேம் ஓடாது, ஃபேன் மட்டும் தலைதெறிக்க ஓடும்!

விண்டோஸ் பட்டனோடு ‘ஆர்’ அழுத்தி, ‘டிஎக்ஸ்டியாக்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். லேப்டாப்பின் ஜாதகம் வந்துவிடும். பெண் வீட்டார் கேட்பது குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், 6 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி, எஸ்எஸ்டியில் 70 ஜிபி இடம். ரேமைக் கூட்டலாம், எஸ்எஸ்டி போடலாம். கிராஃபிக்ஸ் சிப் மட்டும் பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தது, மாற்ற முடியாது. மற்றதெல்லாம் பொருந்தியும் ரஜ்ஜு தட்டும் இடம் அதுதான்.

பேசாமல் 2004-ல் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாடுங்கள். உங்கள் லேப்டாப்புக்குச் சொந்தத்திலேயே நல்ல வரன்!