தெல்தெனியவில் சித்திரச் சமத்துவம்: ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

ஒரே விளையாட்டை இரு வேறு கம்பெனிகளின் யந்திரங்களில் இட்டு ஓட்டும்போது, ஒன்றில் தோன்றும் சித்திரம் மற்றொன்றில் தோன்றுவதற்கு எள்ளளவும் குறையாதிருத்தல் அவசியமா, அவசியமெனில் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்னும் வினா, பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் எதிரெதிரே நின்ற நாள்தொட்டு உலகமெங்கும் வாலிபர்களின் நித்திரையைக் கெடுத்து வந்திருக்கிறது. கைகலப்பின் விளிம்புவரை சென்று மீண்ட இவ்விவகாரத்தைக் காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளால் நிதானமாக ஆராய்ந்து தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குத் தெல்தெனியவை நிலைக்களமாகக் கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பெருவழியில் உள்ள இவ்வூர், விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தன் பழைய பட்டினத்தையே தண்ணீருக்குள் விட்டுக்கொடுத்துவிட்டு மேட்டு நிலத்தில் புதிதாய்க் குடியேறியது. 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட அவ்வணை 122 மீற்றர் உயரமுடையது, 210 மெகாவாட் மின்வலுவை ஈயவல்லது. மின்சாரத்தின் பொருட்டுக் கடைத்தெருவையும் வழிபாட்டுத் தலங்களையும் நீரில் மூழ்கக் கொடுத்தவர்களைக் காட்டிலும், மின்சாரத்தால் இயங்கும் ஒரு பெட்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை வேறு யாருக்கு உண்டு?

பரபக்கம்

பிறர் கோட்பாட்டை அதன் முழுப் பலத்தோடு எடுத்துரைத்த பின்னரே மறுத்தல் வேண்டுமென்பது நம் முன்னோர் மரபாதலின், சமத்துவம் இன்றியமையாதது என்போரின் வாதத்தை முதலிற் கேட்போம். 2013 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் இரு யந்திரங்கள் சந்தைக்கு வந்தன. முன்னதன் சித்திர வலு 1.84 டெராஃப்ளொப், பின்னதற்கு 1.31. அதே பருவத்தில் வெளியான ‘கோல் ஒஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ்’ என்னும் யுத்த விளையாட்டு, முன்னதில் 1920க்கு 1080 என்ற அளவிலும், பின்னதில் 1280க்கு 720 என்ற அளவிலும் வரையப்பட்டது. பெருக்கிப் பார்த்தால் ஒன்றில் 2,073,600 புள்ளிகள், மற்றதில் 921,600. அதாவது, துல்லியமாக இரண்டேகால் மடங்கு. வயிற்றெரிச்சலுக்கு நெய் வார்த்தாற்போல, புள்ளி குறைந்த யந்திரத்தின் விலை 499 டொலர், புள்ளி மிகுந்ததன் விலை 399. நூறு டொலர் அதிகம் கொடுத்தவனுக்குப் பதினோரு இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் குறைவாகக் கிடைத்தது தர்மமாகுமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

காட்சி

இனி, இப்புள்ளிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்பதே முதற் பரீட்சை. குறைபாடற்ற மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு. முப்பத்திரண்டு அங்குலத் தொலைக்காட்சி ஒன்றின் அகலம் ஏறத்தாழ 71 சென்ரிமீற்றர் ஆதலின், அதில் 1280 புள்ளிகள் வரிசையாக நிற்குங்கால் ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்டிருக்கும்; ஆறேகால் அடிக்கு அப்பால் உட்கார்ந்த கண் அவற்றைத் தனித்தனியே காண இயலாது. காண இயலாத புள்ளிகளை இன்னும் நுணுக்கி 1920 ஆக்கினால் அதுவும் காண இயலாததே. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், அலுமாரியின் மேல் தொலைக்காட்சி ஏறி நிற்க, எதிர்ச்சுவரோரக் கட்டிலில் சாய்ந்து கிடந்து ஆடுகிறவன் அந்த எல்லைக்கு வெளியே எட்டடி தூரத்தில் இருக்கிறான். போதாக்குறைக்கு, எச்.டி. ரெடி என்று விற்கப்பட்ட முப்பத்திரண்டு அங்குலப் பெட்டிகள் பெரும்பாலானவற்றின் திரையில் உள்ளவையே 1366க்கு 768 புள்ளிகள்தாம். யந்திரம் இருபது இலட்சம் புள்ளிகளை அனுப்பினாலும், திரை அவற்றைப் பாதியாக்கியே காட்டும்.

எனினும், கண்ணுக்குத் தெரியாத பேதம் வாய்க்குத் தெரிந்துவிடுகிறது. உதைபந்தாட்டத்தின் நடுவே இத்தகைய காம்பராவில் நிகழும் சம்வாதம் இவ்வாறிருக்கும்:

“மச்சான், ஒன்னோட மெஷின்ல புல்லு தனித்தனியாத் தெரியல்லியேடா!”

“புல்லு வெட்டவாடா வந்த? கோல அடி!”

இரண்டாமவனின் விடையில் ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. பந்து ஓடிக்கொண்டிருக்கும் வரை புல்லை நோக்குவார் இலர். தோற்கும் தறுவாயில் இருப்பவனே புல்லை நோக்குகிறான். ஆகவே சித்திர பேதமென்பது தோல்வியின் சந்நிதியில் மட்டும் பிரத்தியட்சமாகும் ஒரு வஸ்து என்று கொள்ளுதல் பொருந்தும்.

கருதல்

அடுத்தது அனுமானம். தெளிந்த சித்திரமே யந்திரத்தின் கீர்த்திக்குக் காரணமாயின், தெளிவு மிகுந்ததே எக்காலத்தும் வென்றிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ், அதற்கு முந்திய ஆண்டு பிறந்த பிளேஸ்டேஷன் 2ஐக் காட்டிலும் வலுவிற் சிறந்தது. முன்னது இரண்டரைக் கோடியை எட்டாமல் நின்றுவிட, பின்னது பதினைந்து கோடிக்கு மேல் விற்றது. 2006இல் நின்டெண்டோ கம்பெனி ‘வீ’ என்ற பெயரில் விட்ட சிறு பெட்டிக்கு உயர்தெளிவுச் சித்திரம் காட்டும் சக்தியே கிடையாது. அது பத்துக் கோடியைக் கடந்தது, எல்லாச் சக்தியும் பொருந்திய பிளேஸ்டேஷன் 3 ஒன்பது கோடியை எட்டவில்லை.

நம்மவர் விஷயத்தில் இவ்வனுமானம் இன்னும் உறுதிப்படும். 2006 நவம்பரில் வெளியான ‘கிரிக்கெட் 07’ கம்ப்யூட்டருக்கும் பிளேஸ்டேஷன் 2க்கும் மாத்திரம் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு வரவேயில்லை. முரளிதரனைப் பந்து வீசவைக்க விரும்பிய கண்டிப் பையனொருவனுக்கு இரு யந்திரங்களின் சித்திரத்தையும் ஒப்புநோக்கும் சிரமமே ஏற்பட்டிருக்க நியாயமில்லை, ஒப்பிடுவதற்கு இரண்டாவது பொருள் இல்லாமையால். அதற்கும் முற்பட்ட காலத்தில், 1983இல் ஜப்பானிற் பிறந்த ஃபமிகொம்மைப் பார்த்துச் செய்த ‘டீவி கேம்’ பெட்டிகள் பற்பல பெயர்களுடனும் பற்பல நிறங்களுடனும் ஆசியக் கடைகளில் மலிந்திருந்தன. பெயர் எதுவாயினும் உள்ளே இருந்தது ஒரே சில்லின் பிரதி. கசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் செருகினால் எல்லாவற்றிலும் அதே மீசைக்காரன் அதே செங்கல்லை முட்டினான். பூரண சித்திரச் சமத்துவம் அன்றே சித்தித்திருந்தது. இருந்தும் சண்டை ஓய்ந்ததா? எந்தக் கசட்டில் எத்தனை கேம் என்பதில் தொடர்ந்தது.

உரை

மூன்றாவதாகிய ஆப்தவாக்கியம், அதாவது செய்தவனே சொன்ன சொல். 2014 ஒக்டோபரில் யுபிசொஃப்ட் கம்பெனியைச் சார்ந்த ஒருவர், தங்கள் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ இரு யந்திரங்களிலும் 1600க்கு 900 என்ற ஒரே அளவில்தான் ஓடும் என்றும், வீண் விவாதங்களைத் தவிர்க்கவே இவ்வாறு பூட்டினோம் என்றும் கூறிவைத்தார். விவாதத்தை ஒழிக்கப் பிறந்த அவ்வாக்கியத்தைப் போல் விவாதத்தை வளர்த்த வாக்கியம் அத்துறையிற் பிறிதொன்றில்லை. வலுவுள்ள யந்திரத்தை வாங்கியவர்கள், வலுவற்றதன் பொருட்டுத் தங்களைக் கீழிறக்கிவிட்டார்களென்று கொதித்தெழுந்தனர். எவரையும் இறக்கவில்லை என்று கம்பெனி பின்னர் விளக்கவேண்டியதாயிற்று. முந்திய ஆண்டு பேதம் கண்டு குமுறியவர்கள் ஒரு சாரார், இவ்வாண்டு அபேதம் கண்டு குமுறியவர்கள் மறுசாரார். சமத்துவத்தைக் கோருபவன் தாழ நிற்பவனேயென்பதும், அது கைகூடிய மாத்திரத்தில் உயர நிற்பவன் அதனை அநீதியென்று அழைப்பானென்பதும் இதனால் பெறப்படும்.

சுபக்கம்

ஆகவே நம் சித்தாந்தம் இது: சித்திரச் சமத்துவம் முக்கியமானதே, ஆனால் அது முக்கியமாவது கண்ணுக்கன்று, பணப்பைக்கு. 499 டொலர் விலையிட்டு 2020இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, டொலர் இருநூறு ரூபாவாக இருந்த காலத்தில் வரி நீங்கலாக 99,800 ரூபா. 2022 மே மாதத்தில் டொலர் முந்நூற்றறுபதைத் தொட்டபோது அதே பெட்டி 179,640 ரூபா. கட்டாரில் வெயில் தின்று உழைக்கும் மாமன் அத்தொகையைக் கொடுத்து ஒன்றை வாங்கி அனுப்பியிருக்க, அடுத்த வீட்டுப் பெட்டியிலும் இதே படந்தான் தெரியும் என்று மருமகன் எவ்வாறு ஒப்புக்கொள்வான்? ஒப்புக்கொண்டால் மாமனுக்கு அவமரியாதை. அவன் காக்க முயல்வது குடும்ப கௌரவத்தை. புள்ளிகள் அதற்குக் கிடைத்த சாட்சிகள்.

இதற்கு மறுதலையாக ஒரு காலமும் இருந்தது. 2022 மார்ச் 31இல், டீசல் வாங்க அந்நியச் செலாவணியும் நீர்த்தேக்கங்களிற் போதிய தண்ணீரும் இல்லாமையால், நாடெங்கும் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. விக்டோரியாவுக்கு ஊரையே கொடுத்த தெல்தெனியவும் விலக்குப் பெறவில்லை. சகல யந்திரங்களும் ஒரே தெளிவில், ஒரே வேகத்தில், ஒரே கரிய நிறத்தைக் காட்டின. வாதி பிரதிவாதி இருவரும் ஏகமனதாக மின்சார சபையை ஏசினரேயன்றி ஒருவரையொருவர் ஏசினாரில்லை.

முடிபு

இவ்வாராய்ச்சியால் பெறப்படும் விதி ஒன்றே: யந்திரம் வாங்கப் புகுவோர் டெராஃப்ளொப்பையும் புள்ளியையும் எண்ணிக் காலத்தை விரயம் செய்யாமல், அடுத்த வீட்டில் எது இருக்கிறதோ அதையே வாங்குக. டிஸ்க்கை மாற்றிக்கொள்ளலாம்; கண்ட்ரோலர் பழுதானால் இரவல் வாங்கலாம்; புல்லைப் பற்றிய பேச்சுக்கும் இடமிராது. தெரு முழுவதும் இவ்விதியைக் கைக்கொள்ளுமாயின் சித்திரச் சமத்துவம் தானே நிலைபெறும். அன்றைக்கு விவகாரம் எவன் வீட்டுத் தொலைக்காட்சி எத்தனை அங்குலம் என்பதற்கு நகரும். அது தனியே ஆராயத்தக்கது.