வைஃபை வாராமை: ஆண்டிமடம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை: அரியலூர் மாவட்டம், ஆண்டிமடம் கடைவீதி முதல் விளந்தை வரை. ஆய்வுப் பொருள்: லினக்ஸ் போட்ட நாள்முதல் வைஃபையைக் கண்டுகொள்ளாத ஒரு பழைய லேப்டாப். ஆய்வாளர்: மேற்படி லேப்டாப்பின் உரிமையாளர். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் கள ஆய்வு. வைஃபை வாராமைக்குக் காரணம் என்ன என்று கேட்டபோது எதிர்வீட்டு மாமா தயங்கவே இல்லை. "ஓசில கிடைச்சதுன்னா இப்படித்தான்டா தம்பி இருக்கும். ரேஷன் கடை மிஷினுக்கே டவர் கிடைக்குது, உனக்குக் கிடைக்கல பாரு." செல்போன் கடைத் தம்பி கேள்வியை முடிக்கவே விடவில்லை. "விண்டோஸ் போட்டு வைக்கிறேண்ணே, சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க." அம்மாவின் கருத்து: "அந்த வயரைக் கழட்டி மாட்டிப் பாரேன்." இது வயர் இல்லாத இணைப்பு என்ற மறுப்பு எடுபடவில்லை.

லினக்ஸுக்கு இந்த வட்டாரத்தில் முன்வரலாறு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக்கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சிடாக் உருவாக்கிய பாஸுக்கு அடித்தளம் டெபியன். மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் திரையில் இரண்டு பெயர் வரும். பிள்ளைகள் விண்டோஸுக்குப் போவார்கள். கை தவறிப் பாஸுக்குள் நுழைந்தவர்கள் ரீஸ்டார்ட் செய்து தப்பினார்கள். லினக்ஸ் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வந்து, உட்காரச் சொல்வார் இல்லாமல் நின்றுவிட்டுப் போன கதை அது.

இனி இலக்கணம். தடை இருவகைப்படும்: மென்தடை, வன்தடை. இந்தப் பாகுபாடு என் கற்பனையல்ல, ஆர்எஃப்கில் என்ற கட்டளையே இப்படித்தான் பிரித்துக் காட்டும். மென்தடை மென்பொருளால் வருவது, ஒரு வரி தட்டினால் நீங்கும். வன்தடை லேப்டாப் விளிம்பிலுள்ள சின்ன சுவிட்சு போன்றவற்றால் வருவது. கட்டளைக்கு அடங்காது, விரலுக்குத்தான் அடங்கும். நன்னூலார் காலத்தில் லேப்டாப் இல்லாத குறையைப் போக்க இடையினத் தடை என்று ஒன்றை இங்கே புதிதாகச் சேர்க்கிறேன். அதில் இரண்டு தடையும் 'இல்லை' என்று திரை சொல்லும். வைஃபையும் இல்லை என்றே சொல்லும்.

இடையினத் தடையின் வேரைத் தேடி, லினக்ஸின் கருவான கர்னலின் பதிவேட்டைப் புரட்டினால், சிவப்பு எழுத்தில் ஒரு வரி கண்ணில் படும்: ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, மைனஸ் 2. அந்த மைனஸ் 2-க்கு, அப்படியொரு கோப்பே இங்கு இல்லை என்று பொருள். வைஃபை சிப் தனக்குள் ஒரு குட்டிக் கணினி. மின்சாரம் வந்ததும் அதற்கு ஒரு சிறு நிரலை ஊட்டினால்தான் கண் திறக்கும். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். பெரும்பாலும் ஓரிரு எம்பிதான், காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வணக்க வீடியோ அளவுகூட வராது. ஆனால் அதைச் சிப் கம்பெனி தர வேண்டும், அடுத்தவர் பகிர அனுமதியும் தர வேண்டும். தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிராட்காம் சிப்களின் கதை போதும். விவரம் கேட்டுக் கிடைக்காத தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, சிப்பை இயக்கக் கம்பெனி எழுதிய டிரைவர் என்ற நிரலைப் பிரித்துப் பார்த்து அது என்னென்ன செய்கிறது என்று எழுதிவைத்தது. இன்னொரு குழு டிரைவரை ஏறெடுத்தும் பார்க்காமல், அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புதிதாக ஒன்று எழுதியது. வழக்கு வந்தால் தப்பிக்கத்தான் இந்த ஆசாரம். 2006 ஜூனில் 2.6.17 கர்னலில் அந்தப் புது டிரைவர் சேர்ந்தது. அப்போதும் ஃபர்ம்வேரைக் கம்பெனி டிரைவரிலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டுவதற்கென்றே தனியாக ஒரு நிரல் இருந்தது. கம்பெனி மனமிரங்கித் தன் புதிய சிப்கள் சிலவற்றுக்கான டிரைவரின் மூலநிரலைத் திறந்தது 2010 செப்டம்பரில்.

ஆண்டிகள் கூடி மடம் கட்டினாற்போல என்பார்கள். இராத்திரி போட்ட திட்டம் விடிந்தால் கலைந்துவிடுமாம். ஆண்டிமடத்துக்காரன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கல் நட்டதிலிருந்து உலகத்து ஆண்டிகள் கூடி லினக்ஸ் மடத்தைக் கட்டியே முடித்துவிட்டார்கள். (ஆண்டிகளில் பலர் இன்று பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது வேறு.) 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் அங்கேதான் குடியிருக்கின்றன. ஒரு சன்னலின் சாவி மட்டும் வெளியாளிடம் இருக்கிறது.

மடத்துக்குள்ளும் கொள்கைச் சண்டை நடந்தது. மூலநிரல் தராத ஃபர்ம்வேரை 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6 தன் கர்னலிலிருந்து நீக்கியது. கொள்கை சுத்தம், பலருக்கு வைஃபையும் சுத்தம். நிறுவும்போது, காணாமல்போன கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவரச் சொல்லும். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல்தான் அதைக் கூடவே சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதுவரை நம் கதி? ஃபர்ம்வேர் இருந்தால்தான் வைஃபை, வைஃபை இருந்தால்தான் ஃபர்ம்வேர். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். இதற்கு மருந்து சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அமைப்பில் டெதரிங்கைப் போட்டால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். (வயரை மாட்டிப் பார் என்ற அம்மாவின் கோட்பாடு இவ்விடத்தில் நிரூபணம் ஆகிறது.) ஆய்வு முடிவு முழுவதும் இந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஓடுவதும் லினக்ஸ் கர்னலின் மேல்தான். அங்கே வைஃபை பிசகாமல் வருகிறது, ஏனென்றால் போன் செய்தவர் ஃபர்ம்வேரை உள்ளே வைத்தே விற்கிறார். ஆக, எதிர்வீட்டு மாமாவின் ஓசி வாதம் மாமாவின் கையிலுள்ள போனாலேயே தள்ளுபடியாகிறது.

ஃபர்ம்வேர் வந்தபின்னும் நிம்மதி நிரந்தரமல்ல. தனியாகச் சேர்த்த டிரைவர், கர்னல் அப்டேட் ஆனதும் காணாமல் போகக்கூடும். 2006 தேர்தல் வரை சட்டமன்றத் தொகுதியாக இருந்த ஆண்டிமடம், மறுவரையறைக்குப் பின் 2011 தேர்தலில் பட்டியலிலேயே இல்லாமல் போனதைப் பார்த்த எங்களுக்கு இது அதிர்ச்சி தராது. புதிய கர்னலுக்கான ஹெடர் கோப்புகளை இறக்கி, டிரைவரை மறுபடி கட்ட வேண்டும். அதற்கும் நெட் வேண்டும்; கேபிளைத் தூக்கி எறியாதீர்கள்.

தீர்ப்பு: குற்றவாளி லினக்ஸும் அல்ல, அதைப் போட்டவனும் அல்ல, கோப்பைப் பூட்டி வைத்த சிப் கம்பெனி. எந்தக் கம்பெனி என்று என் லேப்டாப்பைத் திறந்து காட்டுவதாக இல்லை.

லேப்டாப் வாங்கப்போகும் வாசகருக்கு ஒரு வார்த்தை. ஜெயங்கொண்டமோ விருத்தாசலமோ, கடைக்குக் கிளம்பும்போது லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். நிறுவ வேண்டியதில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும். கடைக்காரர் வீட்டு வைஃபை பெயர் திரையில் தெரிந்தால் பணத்தை எடுங்கள். தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.